சியோல் வீடு, கியோட்டோ வீடு: வித்தியாசம் எங்க பாக்கணும், எங்க தங்கணும்?

கேள்வி: நவம்பர் கடைசில அம்மாவ கூட்டிட்டு சியோல் போயிட்டு அப்படியே கியோட்டோ போறோம். போட்டோல பாத்தா ரெண்டு ஊர் பழைய வீடும் ஒண்ணு போலவே இருக்கு, ஓட்டுக்கூரை, மரத்தூண், பேப்பர் கதவு. எதை வெச்சு பிரிச்சு பாக்கறது? ஒரு நைட் பழைய வீட்ல தங்கணும்னு ஆசை, எந்த ஊர்ல தங்கலாம்? அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு.

பதில்: எல்லாரும் முதல்ல கூரையதான் பாப்பாங்க, நீங்க தரையிலேருந்து ஆரம்பிங்க.

கொரியாவோட பழைய பாணி வீட்டுக்கு ஹனோக்னு பேரு, அதுல ரூமுக்கு அடியிலயே சூடு ஓடும், அந்த ஏற்பாட்டுக்கு ஒண்டோல்னு பேரு. அடுப்பு ரூம் தரைய விட பள்ளத்துல இருக்கும், அதுல விறகு எரிச்சா சூடும் புகையும் தரைக்கு கீழ இருக்கற கல் கால்வாய் வழியா போயி அந்தப் பக்கம் புகைபோக்கில வெளிய வரும், மேல பரப்பின கல்லு சூடேறி விடிய விடிய கதகதன்னு இருக்கும். கல்லு மேல மண்ணு பூசி எண்ணெய் ஏத்தின பேப்பர் ஒட்டியிருப்பாங்க, அதான் அந்த மஞ்சள் வழவழப்பு. அடுப்ப ஒட்டின பக்கம்தான் சூடு ஜாஸ்தி, அந்த இடம் வீட்டுப் பெரியவங்களுக்கு. சூடு வெளிய போகக்கூடாதுன்னுதான் ரூம் சின்னது, சுவரு மண்ணு. ஆனா அதே வீட்டுக்கு நடுவுல பலகை போட்ட பெரிய ஹால் ஒண்ணு திறந்து கிடக்கும், அது வெயில் காலத்துக்கு. அங்க இருக்கற கதவுகள மடிச்சு மேல தூக்கி, உத்தரத்துல தொங்கற கொக்கில மாட்டிடுவாங்க, சுவரே இல்லாத மாதிரி ஆயிடும். இதை நேர்ல பாக்காம வந்துடாதீங்க.

ஜப்பான்ல கதையே வேற. 14ஆம் நூற்றாண்டுல இருந்த யோஷிதா கென்கோங்கற துறவி, வீடு கட்டினா கோடைய மனசுல வெச்சு கட்டணும், குளிர எப்படியும் சமாளிச்சுக்கலாம்னு எழுதி வெச்சார், கியோட்டோ வீடுங்கள்ல இன்னிக்கும் அது தெரியும். தரை முழுக்க தத்தாமிங்கற பாய், உள்ள வைக்கோல், மேல கோரை. ஒரு பாய் சுமாரா 90க்கு 180 சென்டிமீட்டர், கியோட்டோ பாய் டோக்கியோ பாய விட கொஞ்சம் பெருசு, ரூம் அளவையே 6 பாய் 8 பாய்னு தான் சொல்வாங்க. ரூமுக்கு ரூம் தள்ளு கதவுதான், எடுத்துட்டா எல்லாம் ஒரே ஹால். அந்தக் காலத்துல குளிருக்கு கரிச்சட்டிய பக்கத்துல வெச்சுப்பாங்க, தரை சில்லுன்னுதான் இருக்கும்.

தெருவுல நின்னே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்சது இது. பேப்பர் கதவ உத்துப் பாருங்க. கொரியால பேப்பர மரச்சட்டத்தோட உள்பக்கம் ஒட்டுவாங்க, அதனால வெளியிலேருந்து மரக்கட்டம் நல்லா எடுப்பா தெரியும். ஜப்பான்ல வெளிப்பக்கம் ஒட்டுவாங்க, வெளிய வெறும் வெள்ளை, கட்டத்தோட அழகு உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு.

கூரைல, கொரியன் ஓரம் மூலைல நல்லா வளைஞ்சு எழும்பும், ஜப்பான்ல பெரும்பாலும் நேர்க்கோடு. கலர வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க, சியோல்ல இருக்கற கியோங்போக்குங் அரண்மனைல பச்சையும் சிவப்புமா பூசியிருக்கும், ஆனா ஹனோக் வீட்ல வெறும் மரம்தான், ஜப்பான்லயும் ஃபுஷிமி இனாரி மாதிரி செக்கச்செவேல்னு கோயில் இருக்கு.

யார பாத்து யார் கட்டினாங்கன்னு நெட்ல சண்டை போடறாங்க, அதுல இறங்காதீங்க. 588ல கொரியாவோட பெக்ஜே நாட்டுலேருந்து கோயில் தச்சர்கள் ஜப்பானுக்கு போனது ஜப்பானோட பழைய வரலாற்றுலயே எழுதியிருக்கு. இன்னொரு பக்கம் உலகத்துல இன்னிக்கு நிக்கற ரொம்பப் பழைய மரக்கட்டடம் நாரால இருக்கற ஹோர்யூஜி கோயில்தான். கியோட்டோலேருந்து டிரெயின்ல ஈஸியா போகலாம், நடுவுல லேசா புடைச்ச அந்தத் தூண்கள தொட்டுடாம கிட்ட நின்னு பாருங்க, அதே புடைப்பு கொரியாவோட புசோக்சா கோயில் தூண்லயும் இருக்கு.

தங்கறதுக்கு என் ஓட்டு சியோலுக்குத்தான். கியோட்டோ அரண்மனை தோட்டமெல்லாம் கண்ணால பாத்தா போதும், ஒண்டோல் அப்படி இல்ல, முதுகு வெச்சு படுத்தாதான் புரியும், அந்த டைம்ல சியோல் நைட்ல நல்லா குளிரும் வேற. இப்ப விறகு கிடையாது, தரைக்கு அடியில சுடுதண்ணி பைப்தான், சுகம் அதேதான். அம்மாவுக்குன்னு புக் பண்ணும்போது ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க: பாத்ரூம் ரூமோடயே இருக்கா இல்ல முற்றத்த தாண்டி போகணுமா, கட்டில் போட்ட ரூம் இருக்கா. தரைல விரிச்ச மெத்தைலேருந்து எழுந்திரிக்கறது முட்டி வலிக்காரங்களுக்கு கஷ்டம். கியோட்டோவோட மச்சியாங்கற பழைய மர வீடுங்கள்ல மாடிப்படி செங்குத்தா இருக்கும், அவங்களுக்கு வேண்டாம்.

சியோல்ல ஹனோக் வீடுங்க நிறைஞ்ச புக்ச்சோன் பகுதியில இருக்கற வீடுங்க நிறைய 1930கள் வாக்குல கட்டினதுதான், இப்பவும் ஆளுங்க குடியிருக்காங்க, அதனால சத்தம் போடாம நடங்க. சுத்திப் பாக்க வர்றவங்கள சில தெருவுல காலை 10லேருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான் விடறாங்க. கியோங்போக்குங் செவ்வாய் லீவு, இன்னொரு அரண்மனையான சாங்தோக்குங் திங்கள் லீவு, சாங்தோக்குங் பின்தோட்டத்துக்கு தனி டிக்கெட் வாங்கணும், முன்னாடியே போட்டு வெச்சுடுங்க.