மென்பொருள் கணக்கும் உங்கள் கெட்டிலும்: கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சுகிற நம்மவர்கள் ரெசிபி மென்பொருள் பற்றிக் கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் இருப்பது மெல்போர்னில். 35 லிட்டர் மின்சாரக் கெட்டிலில் 11 வருடமாகக் காய்ச்சுகிறேன். கேள்விகள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தாலும் பாதிக்கு மேல் சிக்கல் ஒரே இடத்தில்தான். மென்பொருளுக்கு உங்கள் பாத்திரம் எப்படிப்பட்டது என்று தெரியாது, நீங்கள் அளந்து சொன்னால்தான் தெரியும். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டொரொன்டோவிலிருந்து: அண்ணா, 5 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி) போட்டு 20 லிட்டர் எடுக்கிறேன். மென்பொருள் கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்த அடர்த்தி) 1.054 வரும் என்கிறது. மூன்று தடவையும் 1.048தான் வந்தது. எஃபிஷியன்சியை (மால்ட்டின் சர்க்கரையில் நமக்குக் கிடைக்கும் சதவீதம்) 72-லிருந்து 64-க்குக் குறைத்துவிட்டேன். சரிதானே? ஃபெர்மென்டரில் (நொதிக்கவிடும் பாத்திரம்) எப்போதும் 22 லிட்டர் போலக் கூடுதலாகவே விழுகிறது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த 22 லிட்டரில்தான் விடை இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பேல் மால்ட்டின் சர்க்கரை முழுவதும் ஒரு லிட்டரில் கரைந்தால் சுமார் 300 புள்ளி (கிராவிட்டி 1.054 என்றால் 54 புள்ளி). 5 கிலோவுக்கு 1500. மென்பொருள் அதில் 72 சதவீதம், அதாவது 1080 புள்ளியை எடுத்து, 20 லிட்டரால் வகுத்து 54 என்கிறது. உங்களுக்கு வந்தது 48 புள்ளி, ஆனால் 22 லிட்டரில். பெருக்கினால் 1056. அதை 1500-ஆல் வகுத்தால் 70 சதவீதம்! உங்கள் மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) நன்றாகவே வேலை செய்திருக்கிறது. சர்க்கரை எங்கும் போகவில்லை, இரண்டு லிட்டர் தண்ணீர் வற்றாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். சுண்டக் காய்ச்சி 20 லிட்டருக்குக் கொண்டுவந்திருந்தால் 1.053 வந்திருக்கும்.

எஃபிஷியன்சியை 64 ஆக்கினால் என்ன ஆகும்? மென்பொருள் இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் மால்ட் கேட்கும். நீங்களும் வாங்கிப் போடுவீர்கள், ஒருவேளை 1.054 வரவும் செய்யும். ஆனால் 22 லிட்டர் அப்படியே இருக்கும். 20 லிட்டருக்குக் கணக்குப் போட்ட ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) 22 லிட்டரில் பரவி, கசப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். தவறான ஓர் எண்ணைச் சரிக்கட்ட இன்னொரு தவறான எண்ணை வைத்தால், அடுத்த ரெசிபியில் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மால்ட் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீர் காய்ச்சுங்கள். இரண்டு லிட்டர் ஜாடியைத் தராசில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, கெட்டிலில் இரண்டிரண்டு லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஸ்டீல் ஸ்கேலை நட்டுவைத்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். 26 லிட்டர் ஆனதும், வழக்கமாக வொர்ட்டை (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) கொதிக்கவிடும் அதே தளதளப்பில் சரியாக ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து அளங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் உங்கள் பாய்லாஃப். ஆறவைத்து அளங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொதிநிலையில் இருக்கும் தண்ணீர் அறை வெப்பத்தில் இருப்பதைவிடச் சுமார் 4 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். சுடச்சுட 25 லிட்டர் என்று தெரிவது ஆறினால் 24தான்.

அடுத்த தடவை காய்ச்சும்போது இன்னும் இரண்டை அளந்துவிடுங்கள்: மால்ட் குடித்த தண்ணீர், கெட்டிலின் அடியில் மண்டியோடு தங்கிப்போவது. பாரம்பரிய மாஷ் டன்னில் (மாஷ் செய்யும் தனிப் பாத்திரம்) கிலோவுக்கு ஒரு லிட்டர் போல மால்ட் குடிக்கும், பையில் போட்டுப் பிழிகிறவர்களுக்கு அதைவிடக் குறையும். இந்த மூன்றையும் எக்விப்மென்ட் ப்ரொஃபைலில் (மென்பொருளில் உங்கள் பாத்திரத்தின் அளவுகளைப் பதியும் பகுதி) போட்ட பிறகு எஃபிஷியன்சியைத் தொடுங்கள், அதுவும் மூன்று நான்கு தடவை சராசரி பார்த்த பிறகு. நீங்கள் வைத்திருக்கும் கெட்டிலின் பெயரிலேயே தயாராக ஒரு ப்ரொஃபைல் கிடைக்கும். தொடங்குவதற்கு அது நல்லது, ஆனால் உங்கள் அடுப்பும் உங்கள் ஊர்க் குளிரும் அதில் இல்லை.

ஆக்லாந்திலிருந்து: பீர்ஸ்மித், பிரூஃபாதர், பிரூவர்ஸ் ஃப்ரெண்ட், பிரூடார்கெட்... எதைத்தான் எடுப்பது?

ஏதாவது ஒன்றை எடுத்து ஒரு வருடம் அதிலேயே இருங்கள். அடிப்படைச் சூத்திரங்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காசு போடத் தயக்கம் என்றால் பிரூடார்கெட் இலவசம், திறந்த மூல மென்பொருள். கைபேசியில் பார்த்துக்கொண்டே காய்ச்ச வேண்டும் என்றால் பிரூஃபாதர் வசதி. பிறகு மாற நினைத்தாலும் பீர்எக்ஸ்எம்எல் வடிவத்தில் ரெசிபிகளை ஏற்றுமதி செய்து கொண்டுபோகலாம். ஆனால் உங்கள் எக்விப்மென்ட் ப்ரொஃபைலைப் புதிய இடத்தில் கையால் ஒருமுறை சரிபாருங்கள்.

லீட்ஸிலிருந்து: அமெரிக்க ரெசிபி ஒன்று, 5 காலன் என்று இருந்தது. 22.7 லிட்டர் என்று போட்டேன். பீர் நீர்த்துப்போய்விட்டது.

நீங்கள் போட்டது பிரிட்டிஷ் காலன், ஒன்றுக்கு 4.546 லிட்டர். அமெரிக்கக் காலன் 3.785தான், ஆகவே அந்த ரெசிபி 19 லிட்டருக்கானது. இன்னொன்றும் சொல்கிறேன். பிறர் ரெசிபியை எடுக்கும்போது கிலோக் கணக்கை எடுக்காதீர்கள். மால்ட்டுகளின் சதவீதம், ஆரம்பக் கிராவிட்டி, ஐபியூ (கசப்பின் அளவு), இந்த மூன்றையும் எடுங்கள். மென்பொருளில் 'ஸ்கேல்' பொத்தானை அழுத்தி, உங்கள் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் கிலோவை அதுவே சொல்லும். அவர் எஃபிஷியன்சி 80 ஆக இருந்திருக்கலாம், உங்களுடையது 68 ஆக இருக்கலாம்.

நியூஜெர்சியிலிருந்து: அண்ணா, ஒரே ரெசிபியை ஆறு மாதம் கழித்துக் காய்ச்சினேன். ஹாப்ஸ் அதே மேக்னம், அதே 30 கிராம். இந்த முறை கசப்பு தொண்டையைப் பிடிக்கிறது. ஏன்?

பாக்கெட்டைப் பாருங்கள்மா. மென்பொருளின் பட்டியலில் மேக்னம் என்று தேர்ந்தெடுத்தால் அது கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்துக்கு ஒரு சராசரி அளவைப் போட்டுக்கொள்ளும், 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹாப்ஸ் விளைச்சல் பொருள், ஒவ்வோர் அறுவடைக்கும் அந்த அளவு மாறும். உங்கள் கையிலிருந்த பாக்கெட் 14.5 ஆக இருந்திருந்தால்? 1.050 கிராவிட்டி வொர்ட்டில் ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பைக் கணிக்கும் டின்செத் சூத்திரப்படி ஆல்ஃபா அமிலத்தில் 23 சதவீதம் பீரில் சேரும். 20 லிட்டரில் 30 கிராம், 12 சதவீதம்: 41 ஐபியூ. அதே 30 கிராம், 14.5 சதவீதம்: 50. நாக்குக்குத் தெரியும் வித்தியாசம் அது. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் போட்டுவிட்டு, ஐபியூ பழைய 41-க்கு வரும்வரை கிராமைக் குறைத்திருந்தால் 25 கிராமே போதுமாக இருந்திருக்கும்.

டின்செத், ரேகர் என்று இரண்டு மூன்று சூத்திரங்கள் அமைப்பில் இருக்கும். எது உண்மைக்குப் பக்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றில் நில்லுங்கள். 'என் டின்செத் 40 இப்படித்தான் கசக்கும்' என்று நாக்கு பழகிவிடும். நடுவில் மாற்றினால் அந்தப் பழக்கம் வீணாகிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து: 1.050-ல் தொடங்கிய பீர், பத்து நாளாகியும் 1.026-லேயே நிற்கிறது. மென்பொருள் 1.012 என்கிறது. இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடட்டுமா? ரிஃப்ராக்டோமீட்டரில்தான் பார்த்தேன், 6.5 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு).

போடாதீர்கள், நிறுத்துங்கள். உங்கள் பீர் நொதித்து முடிந்திருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடும் கருவி. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும். நொதித்த பீரில் அது காட்டும் எண்ணை நேரடியாகக் கிராவிட்டியாக மாற்றக் கூடாது. மென்பொருளின் கருவிகள் பகுதியில் ரிஃப்ராக்டோமீட்டர் கணிப்பான் இருக்கும். அதில் ஆரம்பக் கிராவிட்டி 1.050, இப்போதைய பிரிக்ஸ் 6.5 என்று போட்டுப் பாருங்கள். 1.012-ஐ ஒட்டித்தான் வரும். சந்தேகமிருந்தால் ஹைட்ரோமீட்டரில் (மிதக்கவிட்டு அடர்த்தி அளக்கும் கருவி) ஒருமுறை அளந்துவிடுங்கள். காய்ச்சும் நாளுக்கு ரிஃப்ராக்டோமீட்டர், முடிவுக்கு ஹைட்ரோமீட்டர் என்பது என் வீட்டு வழக்கம்.

சிட்னியிலிருந்து: பாட்டிலில் அடைத்து ஒரு மாதம். சப்பென்று இருக்கிறது, நுரையே இல்லை. நுரை வருவதற்கு எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் கணிப்பான் சொன்ன 65 கிராமைத்தான் 20 லிட்டருக்குப் போட்டேன். வெப்பநிலை 2 டிகிரி என்று கொடுத்தேன், ஃபிரிட்ஜில் அப்படித்தான் இருந்தது.

இது எனக்கே நடந்தது. இருபது லிட்டர் பீரைப் பாட்டில் பாட்டிலாகத் திறந்து பார்த்த வருத்தம் இன்னும் நினைவிருக்கிறது, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

கணிப்பான் வெப்பநிலை கேட்பது, பீரில் ஏற்கெனவே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் சுமார் 0.86 பங்கு (ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு என்றால் ஒரு பங்கு) தங்கும், மீதி ஏர்லாக் வழியே போய்விடும். 2 டிகிரியிலேயே நொதித்திருந்தால் 1.6 பங்கு தங்கியிருக்கும். ஆனால் உங்கள் பீர் நொதித்தது 20-ல், பிறகுதானே குளிர வைத்தீர்கள்? குளிர வைத்ததால் போன வாயு திரும்பி வராது. ஆகவே கணிப்பான் வெப்பநிலை கேட்கும் இடத்தில், நொதித்து முடியும் தருவாயில் பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலையைக் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் சாதாரணச் சர்க்கரை ஒரு பங்கு வாயு தரும். உங்களுக்கு 2.4 பங்கு வேண்டும் என்றால், 2.4-லிருந்து 0.86 கழித்து, 4-ஆல் பெருக்கி, 20 லிட்டரால் பெருக்கினால் 123 கிராம். நீங்கள் போட்டது அதில் பாதிதான்.

தலைகீழாகத் தவறினால் ஆபத்து, பாட்டில் வெடிக்கும். நொதித்தல் முழுவதும் முடிந்ததா என்று இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் அசையவில்லை என்று பார்த்த பிறகே சர்க்கரை போடுங்கள்.

லண்டனிலிருந்து: தண்ணீர் பகுதியைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. பில்சன், பர்ட்டன் என்று ஊர்ப் பெயர்களாக இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

அவை பேர்போன பீர் ஊர்களின் தண்ணீர் அளவுகள். ஊரை விடுங்கள். முதலில் உங்கள் குடிநீர் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பகுதியின் தர அறிக்கையை எடுங்கள். கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்ஃபேட், பைகார்பனேட் என ஆறு எண்கள் போதும். அறிக்கையில் பைகார்பனேட்டுக்குப் பதிலாக 'அல்கலினிட்டி, கால்சியம் கார்பனேட்டாக' என்று இருந்தால் அதை 1.22-ஆல் பெருக்கிப் போடுங்கள். இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள்.

லண்டன் தண்ணீர் கடினமானது, அல்கலினிட்டி அதிகம். கறுத்த ஸ்டவுட்டுக்கு ஒத்துப்போகும், வறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சமன் செய்துவிடும். வெளிர் பீருக்கு லாக்டிக் அமிலம் தேவைப்படும். மாஷ் பிஹெச் 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் வருகிறதா என்பதை மட்டும் மென்பொருளில் பாருங்கள். எனக்கு இங்கே நேர்மாறு. மெல்போர்ன் தண்ணீர் மிக மென்மை, கிட்டத்தட்ட வெற்றுத் தாள். 10 லிட்டருக்கு ஒரு கிராம் ஜிப்சம் போட்டால் கால்சியம் லிட்டருக்கு 23 மில்லிகிராம், சல்ஃபேட் 56 மில்லிகிராம் ஏறும். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து: சார், இங்கே வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், அளவு சிறியது என்பது காரணமாகாது. மென்பொருளில் ரெசிபி வடிவமைத்துப் பழகுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அனுமதி உள்ள நாட்டுக்கு வரும்போது அது கைகொடுக்கும்.

பெர்த்திலிருந்து: ஸ்டைல் பட்டைகள் எல்லாம் பச்சையில் வரும்வரை சரிசெய்தேன். எட்டு வகை மால்ட். குடித்தால் எதுவும் தனியாகத் தெரியவில்லை, கலங்கலாக இருக்கிறது.

பச்சைப் பட்டை சொல்வது நிறம், கசப்பு, ஆல்கஹால், கிராவிட்டி ஆகியவை அந்த வகைக்குரிய எல்லைக்குள் இருக்கின்றன என்பதை மட்டும்தான். ருசிக்கு அங்கே பட்டை கிடையாது. கிரிஸ்டல் மால்ட்டில் மூன்று வகை போட்டாலும் மென்பொருளுக்கு அது ஒரு நிற எண், அவ்வளவுதான்.

அந்த ரெசிபியை நகலெடுத்து, எட்டில் ஐந்தை நீக்கிவிட்டு, மீதி மூன்றையும் சதவீதமாகப் பாருங்கள். நீக்கும் ஒவ்வொன்றையும் 'இது இல்லாவிட்டால் எதை இழப்பேன்' என்று கேட்டுவிட்டு நீக்குங்கள். பதில் வராத மால்ட் இருக்க வேண்டாம். கிராவிட்டிக்கும் கசப்புக்கும் உள்ள விகிதத்தை மென்பொருள் ஒரு சிறிய எண்ணாகக் காட்டும். 1.050 பீருக்கு 25 ஐபியூ என்றால் 0.5, 50 என்றால் 1. ஸ்டைல் பட்டையைவிட நான் அதிகம் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

மீண்டும் டொரொன்டோவிலிருந்து: மாஷ் 66 டிகிரிக்கு வர எவ்வளவு சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மென்பொருள் சொல்கிறது. குளிர்காலத்தில் மட்டும் 64-க்கு இறங்கிவிடுகிறது.

உங்கள் மால்ட் மூட்டை எங்கே இருக்கிறது? கராஜில்தானே! அமைப்பில் தானிய வெப்பநிலை 20 என்று கிடக்கும். 5 கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர் என்றால், தானியம் 20 டிகிரியில் இருக்கும்போது தண்ணீர் 72.3 டிகிரி போதும். தானியம் 5 டிகிரியில் இருந்தால் 74.3 வேண்டும். அந்த இரண்டு டிகிரிதான் உங்களுக்குக் குறைகிறது. காய்ச்சும் நாள் காலையில் மூட்டைக்குள் தெர்மாமீட்டரைச் செருகி, வந்த எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் முந்தின இரவே தேவையான மால்ட்டை நிறுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். மாஷ் டன் தனியாக வைத்திருந்தால் அதையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.