எஞ்சினை ஏன் ஏற்றுகிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. ஆபரேட்டராக இருக்கிறேன். ஊர் காவேரிப்பட்டணம். என் பெரியப்பா மகன் ஷார்ஜாவில் ஒரு போட் பட்டறையில் மெக்கானிக். அங்கே ஒரு வாடிக்கையாளர் தன் 28 அடி ஸ்பீடு போட்டில் எஞ்சினையும் டிரைவையும் 3 அங்குலம் மேலே ஏற்றிப் பொருத்தச் சொல்லியிருக்கிறார். நண்பருடைய போட்டில் அப்படித்தான் இருக்கிறதாம், நல்ல வேகமாம். ஏற்றிய பிறகு ஆர்.பி.எம். கூடுகிறது, வேகம் கூடவில்லை. வளைவில் திரும்பினால் எஞ்சின் வெறுமனே அலறுகிறது. பைக்கானாலும் காரானாலும் எடையைக் கீழே வைக்கத்தானே பார்ப்பார்கள், போட்டில் மட்டும் ஏன் தலைகீழ்? டிரைவுக்கு நடுவே ஒரு பிளேட் வைத்து உயரத்தைச் சரிசெய்ய முடியுமென்றால் நானே செய்து அனுப்பிவிடுவேன். அப்புறம், இப்படி ஒரு போட்டை நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஓட்ட முடியுமா?

(பெயர் வேண்டாம்), ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

எஞ்சின் மேலே போக வேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. தண்ணீருக்குள் தொங்கும் டிரைவைத்தான் தூக்கப் பார்க்கிறார்கள். எஞ்சின் அதோடு கட்டுப்பட்டிருப்பதால் கூடவே ஏறுகிறது.

ஸ்டெர்ன்டிரைவைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் படகுக்கு உள்ளே, பின்பலகையை ஒட்டி இருக்கும். பலகைக்கு வெளியே டிரைவ் தொங்கும். ஒரு ஷாஃப்ட் பலகையைத் துளைத்துக்கொண்டு போய் இரண்டையும் இணைக்கும். டிரைவுக்குள் அந்தச் சுழற்சி கியர் வழியாகக் கீழே இறங்கி, மறுபடி திரும்பி, புரொப்பல்லருக்குப் போகும். வால்வோ பென்டா கம்பெனி 1959-இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே மெர்குரி கம்பெனியின் மெர்குரூசரும் வந்தது. ஷாஃப்டில் யூ-ஜாயின்ட் (மடங்கியபடியே சுழலும் இணைப்பு) இருப்பது டிரைவ் திரும்பவும் மேலும் கீழும் சாயவும்தான்; எஞ்சினும் டிரைவும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதை ஈடுகட்ட அல்ல. அலைன்மென்ட் பார் என்ற அளவுக் கம்பியை வைத்துப் பார்த்து எஞ்சினை நேர்க்கோட்டில் நிறுத்தவில்லை என்றால், ஷாஃப்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் (ஸ்ப்லைன்) தேய்ந்து போய்விடும். ஆகவே டிரைவ் 3 அங்குலம் ஏறினால் எஞ்சின் மவுன்டும் 3 அங்குலம் ஏறும். பலகையில் பழைய ஓட்டையை அடைத்து, ஃபைபர் போட்டு, புதிதாக வெட்ட வேண்டும். சின்ன வேலை இல்லை. பின்பலகையில் படகின் அடிமுனையிலிருந்து கிராங்க் ஷாஃப்டின் மையக்கோடு வரைக்குமான உயரத்தை எக்ஸ் டைமென்ஷன் என்பார்கள். அண்ணனிடம் கேட்டால் அந்த எண்ணைச் சொல்வார்.

எடை ஏறினால் கெடுதல்தானே என்று கேட்டீர்கள். கெடுதல்தான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சினும் டிரைவும் சேர்ந்து 500 கிலோ, படகு மொத்தம் 2,500 கிலோ என்று வைப்போம். 75 மி.மீ. ஏற்றினால் மொத்தப் படகின் ஈர்ப்பு மையம் 15 மி.மீ. ஏறும். அகலமான படகு அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு சக்கர அகலத்தில் நிற்கும் பைக்கின் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது.

கிடைக்கும் லாபமோ பெரிது. ஒகேனக்கல்லில் ஓடும் தண்ணீரில் முழங்காலளவு நிற்கும்போது ஒன்றும் தெரியாது, இடுப்பளவு இறங்கினால் காலை வாரிவிடும். டிரைவின் நிலைமையும் அதுதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. இழுவிசை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது, அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடியாக. மணிக்கு 60 மைலில் போகிறவர் 90-க்குப் போக நினைத்தால், அதே கியர்கேஸை (நீருக்குள் இருக்கும் டிரைவின் கீழ்க்கூட்டை) இழுக்க 2.25 மடங்கு விசையும் சுமார் 3.4 மடங்கு குதிரைத்திறனும் வேண்டும். படகின் அடிப்பாகம் வேகத்தில் எழும்பி நீரை விட்டு விலகிவிடும். கியர்கேஸ் விலகாது. அதனால் வேகக்காரர்கள் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

அப்படியானால் முழுதாகத் தூக்கிவிடலாமே? தூக்கியவர்கள் இருக்கிறார்கள். ஹோவர்டு ஆர்னெசன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சர்ஃபேஸ் டிரைவில் புரொப்பல்லரில் பாதி தண்ணீருக்கு மேலேதான் சுழலும். (நீச்சல் குளத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தவரும் இவரே. தண்ணீரோடு மல்லுக்கட்டியே வாழ்ந்த மனிதர்.) ஆனால் அதற்கென்றே செய்த புரொப்பல்லர்தான் அங்கே வேலை செய்யும். சாதாரண மூன்று இலை புரொப்பல்லரை மேலே கொண்டுவந்தால் காற்றை உறிஞ்சிக்கொண்டு பிடி இழந்துவிடும். வளைவில் படகு சாயும்போது இது முதலில் வெளிப்படும். உங்கள் கடிதத்தில் இருக்கும் அலறல் அதுதான்.

வேறு தொல்லைகளும் உண்டு. மேல் இலைகளுக்குப் பிடி குறைந்து கீழ் இலைகள் மட்டும் தள்ளுவதால் படகின் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கப்படும், ஸ்டீயரிங் கனக்கும். டிரைவ்தான் சுக்கானும்; நீரில் இருக்கும் அதன் பரப்பு குறைவதால் சுக்கானின் பிடியும் குறையும். நின்ற நிலையிலிருந்து படகு எழும்ப நேரம் பிடிக்கும். எனக்கு இவற்றையெல்லாம் விடக் கவலை தருவது குளிர்நீர். பல டிரைவ்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கியர்கேஸின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. அவை நீர்மட்டத்துக்கு அருகே வந்தால் காற்றும் கலந்து ஏறும், எஞ்சின் சூடாகும், பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகும். அதற்காகத்தான் ரேஸ் டிரைவ்களில் துளையை கியர்கேஸின் மூக்கின் அடியில் வைக்கிறார்கள். அந்த வாடிக்கையாளரின் போட்டில் வாட்டர் பிரஷர் கேஜ் இல்லையென்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் பொருத்தச் சொல்லுங்கள்.

நண்பருடைய போட்டின் உயரம் இவருக்கு ஏன் ஒத்துவரவில்லை? அடிப்பாகத்தின் வி கோணம், டேங்கும் ஆட்களும் உட்காரும் இடம், புரொப்பல்லரின் இலைகள், எல்லாம் மாறும். அடியில் படி வைத்த படகுகள் நீரில் காற்றைக் கலந்துவிடுவதால் பிடி இன்னும் சீக்கிரம் போகும். அடுத்த போட்டின் எண்ணைக் காப்பியடிப்பது எனக்கு ஒப்பாத காரியம். ஸ்லிப்பை, அதாவது புரொப்பல்லர் சுழலும் கணக்குப்படி போக வேண்டிய வேகத்தில் எத்தனை சதவீதம் நழுவிப் போகிறது என்பதை, கணக்கிட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆர்.பி.எம்.-ஐ புரொப்பல்லரின் பிட்ச் (நழுவாமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அங்குலத்தால் பெருக்குங்கள். கியர் விகிதத்தை 1056-ஆல் பெருக்கி, வந்ததைக் கொண்டு வகுங்கள். மணிக்கு எத்தனை மைல் போக வேண்டும் என்று கிடைக்கும். 5000 ஆர்.பி.எம்., 26 அங்குல பிட்ச், 1.5 விகிதம் என்றால் 82 மைல். ஜி.பி.எஸ். 72 காட்டினால் ஸ்லிப் சுமார் 12 சதவீதம். உயரத்தை ஏற்றும்போது வேகம் நின்ற இடத்திலேயே நிற்க ஸ்லிப் மட்டும் கூடிக்கொண்டே போனால், அளவைத் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

உங்கள் பிளேட் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே பிளேட் வைத்தால் டிரைவ் நீளும், புரொப்பல்லர் கீழே இறங்கும். அதனால் ஏற்றுவதற்கு அது உதவாது. ஏற்ற நினைப்பவர்கள் 2 அங்குலம் குட்டையான கீழ்ப்பாதியை வாங்கி மாட்டுவார்கள். அதில் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. (இந்த வாடிக்கையாளர் பலகையை வெட்டும் முன் அதை யோசித்திருக்கலாம்.) இப்போது அவருக்கு வேண்டியது இறக்குவது, ஆகவே உங்கள் யோசனை பொருந்துகிறது. ஆனால் பிளேட் மட்டும் போதாது. உள்ளே இறங்கும் செங்குத்து ஷாஃப்டும் அதே அளவு நீள வேண்டும், எண்ணெய்ப் பாதையும் நீர்ப்பாதையும் கசியாமல் சேர வேண்டும். இதை ஓசூரில் அளந்து பார்க்காமல் செய்து அனுப்பாதீர்கள். கம்பெனி கிட்டாகவே கிடைக்கிறது. அதற்கும் முன்னால், நான்கு இலை புரொப்பல்லர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்க்கட்டும். பல சமயம் அதிலேயே பிடி திரும்பிவிடும்.

கே.ஆர்.பி. அணையா? 80 மைல் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் 28 விநாடியில் தீர்ந்துவிடும். எதிரே மீன்பிடிப் பரிசல் வரும், அடியில் சேறு. அனுமதியும் கிடைக்காது. வேண்டாம்.

அண்ணனிடம் கேட்டு ஐந்து எண்களை அனுப்புங்கள்: முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம்., ஜி.பி.எஸ். வேகம், பிட்ச், கியர் விகிதம், வாட்டர் பிரஷர். ஏற்றுவதற்கு முந்தைய அளவுகள் எழுதி வைத்திருந்தால் அவையும் வேண்டும். பார்த்துவிட்டு, பிளேட் வேண்டுமா புரொப்பல்லர் போதுமா என்று சொல்கிறேன்.