சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போகிறோம். பிள்ளைகளுக்கு எந்த அனைத்துலகப் பள்ளி நல்லது?

மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஏழு, இருவரும் சென்னையில் சிபிஎஸ்இ, கணவருக்கு இங்கே ‘இரண்டு மூன்று வருட’ வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிகளின் பெயர்களைப் பிறகு பார்க்கலாம். அந்த ‘இரண்டு மூன்று’தான் எனக்கு உறுத்துகிறது.

2014 ஆகஸ்டில் நாங்கள் மதுரையிலிருந்து வந்தோம். மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு நான்கு வயது. ஒரு பள்ளியின் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். ‘சிங்கப்பூரில் எவ்வளவு காலம் தங்க உத்தேசம்’ என்று ஒரு கட்டம். என் கணவர் யோசிக்காமல் 2 என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு 8 என்று எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். மதுரை வீட்டைக் காலி செய்து, சாமானைக் கட்டி, விமானம் ஏறி வந்து இறங்கும் வரை இதைப் பற்றி நாங்கள் இருவரும் வாய் திறந்து பேசியதே இல்லை. கடைசியில் பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர் கணக்கும் தப்பு, என் கணக்கும் தப்பு. ஆனாலும் அன்றைக்கே பேசியிருந்தால் மகளைப் பாடத்திட்டம் விட்டுப் பாடத்திட்டம் தாவ வைத்திருக்க மாட்டோம்.

ஏன் இந்த எண் இவ்வளவு முக்கியம் என்றால், பத்தாம் வகுப்பைப் பிள்ளை எந்த ஊரில் எழுதப் போகிறது என்பதை அதுதான் சொல்கிறது. உங்கள் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. மூன்று ஆண்டில் திரும்பினால் பத்தாவது வாசலில் நிற்பான். ஐஜிசிஎஸ்இ என்பது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் ஒன்பதும் பத்தும் சேர்ந்த இரண்டு ஆண்டுப் படிப்பு. நடுவில் கழன்றுகொண்டால் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது. சிபிஎஸ்இயிலோ பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர் பதிவு செய்துவிடுவார்கள். ஆகவே வேறு பாடத்திட்டத்திலிருந்து நேராகப் பத்தாம் வகுப்பில் போய் உட்காருவது எளிதில் நடக்காது. உண்மையாகவே மூன்று ஆண்டுதான் என்றால் அவனுக்கு இங்கே சிபிஎஸ்இ நடத்தும் இந்தியப் பள்ளிதான் சரி. குளோபல் இந்தியன், யுவபாரதி என்று எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று பாடத்திட்டங்களை நடத்தும் பள்ளியும் உண்டு என்பதால், பள்ளியின் பெயரை மட்டும் கேட்காமல் எந்தப் பிரிவு என்றும் கேளுங்கள்.

மகள் விஷயம் வேறு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐபியா (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்ற உலகப் பாடத்திட்டம்), கேம்பிரிட்ஜா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, டீச்சர் சிரிக்கிறாரா, அவ்வளவு பார்த்தால் போதும்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். சிபிஎஸ்இ ஏப்ரலில் தொடங்குகிறது, ஐபி பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்டில், உள்ளூர் அரசுப் பள்ளிகளும் ஆஸ்திரேலியப் பாடத்திட்டமும் ஜனவரியில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அரை ஆண்டு கூடும் அல்லது குறையும். என் மகள் பின்னக் கணக்கை மூன்று முறை படித்தாள். மூன்றாம் முறை டீச்சர் பீட்சா படம் வரைந்ததும், “இதை முன்பே சாப்பிட்டாகிவிட்டது” என்று சொல்லித் திட்டு வாங்கினாள்.

அவள் தாவிய கதையைச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் கணவரின் நிறுவனம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தானே கட்டுவதாகச் சொன்னது. அதுவரை தெருவிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெரிய பள்ளிக்குள் தலை நிமிர்ந்து நுழைந்தோம். வீடியோவில் சுற்றிக் காட்டியபோது, “கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதே, வாடகைக்கு விடுவார்களா” என்று கேட்டார் மாமியார். ஐபி முறையில் மகள் நன்றாகவே மலர்ந்தாள், குறை சொல்ல மாட்டேன். 2020-இல் நிறுவனம் அந்தச் சலுகையை நிறுத்தியது. எங்கள் கையிலிருந்து கட்ட முடியாத தொகை. பள்ளியை விட்டு விலக ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நாங்கள் சொன்னது ஒன்பது நாள் தாமதம். வைப்புத்தொகை போயிற்று, அடுத்த பருவக் கட்டணத்தையும் கேட்டார்கள். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. கையெழுத்துப் போட்டது நாங்கள்தானே என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அதனால் பணக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 முதல் 25,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். பெயர் பெற்ற பெரிய பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கு 40,000 வெள்ளியைத் தாண்டும். விளம்பரத்தில் இருப்பது பாடக் கட்டணம் மட்டும். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, கட்டட வளர்ச்சிக் கட்டணம், பஸ், சீருடை, மடிக்கணினி, முகாம், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக வரும். இவற்றில் வரி விதிக்கப்படும் இனங்களுக்கு மேல் பொருள் சேவை வரி (ஜிஎஸ்டி) வேறு. 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆங்கிலம் சற்றுத் தடுமாறும் பிள்ளை என்றால் சில பள்ளிகள் கூடுதல் ஆங்கில வகுப்புக்கும் தனிக் கட்டணம் போடுகின்றன. நிறுவனம் கட்டணம் கட்டுகிறது என்றால், அது எத்தனை ஆண்டுக்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நின்றுவிடுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

‘கட்டணப் பாதுகாப்பு உண்டு’ என்று பள்ளிகள் சொல்லும். உண்மைதான். எடுடிரஸ்ட் என்ற, தனியார் பள்ளிகளுக்கான அரசுத் தரச் சான்றிதழைப் பெற்ற பள்ளிகளுக்கு அது பொதுவாகக் கட்டாயம். ஆனால் அந்தப் பாதுகாப்பு, பள்ளி இழுத்து மூடப்பட்டால் உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதற்கு. நீங்கள் விலகினால் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது ஒப்பந்தத்தில் உள்ள பணம் திருப்பித் தரும் விதிதான். வேலை போனால் வேலை அனுமதி அட்டை ரத்தாகும், அதன்பின் பொதுவாக முப்பது நாள்தான் இங்கே இருக்க விடுவார்கள். பள்ளியோ மூன்று மாத முன்னறிவிப்பு கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை இழப்புக்கு விதிவிலக்கு உண்டா என்று சேர்க்கைக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

இனி பஸ். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் பள்ளியைப் பற்றி நடந்த சண்டைகளில் பாதி பஸ்ஸைப் பற்றித்தான். சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, எங்கே இருந்தால் என்ன என்று செங்காங்கில் வீடு எடுத்துவிட்டோம். பெரிய பள்ளி தீவின் மறு பக்கம். காரில் அரை மணி. பள்ளிப் பஸ் நேராகப் போகாது. ஒவ்வொரு அடுக்குமாடி புளோக்காக நுழைந்து வரும். காலை 6:10-க்கு மின்தூக்கிக்கு (லிஃப்ட்) கீழே நிற்க வேண்டும், இன்னும் இருட்டு விலகியிருக்காது. மாலையில் பஸ் ஆண்ட்டி தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். அடையாள அட்டையின் நாடா கன்னத்தில் அழுந்திய தடத்தோடு, ஒரு ஷூ கயிறு அவிழ்ந்தபடி மகள் இறங்கி வருவாள். ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் அந்த இருக்கையில் போயிற்று. நீச்சல் குளம், நாடக அரங்கம் என்று பணம் கட்டியதெல்லாம் பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கும். தாமதப் பஸ்ஸைப் பிடித்தால் வீடு வர ஏழு மணி ஆகும். எனவே முதல் மாதம் தற்காலிக இடத்தில் தங்கிப் பள்ளியை முடிவு செய்யுங்கள், வீட்டை அதன் பிறகு பாருங்கள். இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம் என்றால் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்று ஒரு விதி சேர்க்கச் சொல்லுங்கள். வேலை மாறி நாட்டை விட்டுப் போக நேர்ந்தால், பொதுவாக ஓர் ஆண்டுக்குப் பிறகு, முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேற அது வழி செய்யும்.

பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது குளத்தைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது ஒரு வகுப்பில் ஒரு சாதாரண மாணவனின் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். திருத்தியிருக்கிறார்களா, திருத்திய பிறகு பிள்ளை மறுபடி செய்து பார்த்திருக்கிறதா என்பது அதில் தெரியும். போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். பதிலை விட, பதில் சொல்பவரின் முகத்தைப் பாருங்கள். ஐபியின் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பான டிப்ளமாவில் எடுத்த சராசரி மதிப்பெண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 45-க்கு உலகச் சராசரி 30-ஐ ஒட்டி இருக்கும்போது அவர்களுடையது உயரமாகத் தெரியும். முழு டிப்ளமா எழுதியவர்கள் எத்தனை பேர், பாதியில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

டாக்டர் கனவு இருக்கிற வீடு என்றால் ஒரு குறிப்பு. நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளமாவில் வழக்கமாக இரண்டு அறிவியல் பாடங்கள்தான் எடுக்க முடியும்; மூன்றும் எடுக்கப் பள்ளி மூலமாகத் தனி அனுமதி வாங்க வேண்டும். பதினோராம் வகுப்பில் இதைக் கண்டுபிடித்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளூர் அரசுப் பள்ளியை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, என் மகன் அங்கேதான் படிக்கிறான். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு, ஆங்கிலத்திலும் கணிதத்திலும், செப்டம்பர் அக்டோபர் வாக்கில் நடக்கும். தொடக்கநிலை 2 முதல் 5 வரையும், உயர்நிலை 1 முதல் 3 வரையும் சேரலாம். தேறினால் இடம் காலியுள்ள பள்ளி ஒன்றைக் கல்வி அமைச்சு தரும். பள்ளியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) அல்லாத நாட்டவருக்குக் கட்டணம் அதிகம், உயர்நிலைக்குப் போனால் தொடக்கநிலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. என் மகன் 2018-இல் எழுதி, 2019 ஜனவரியில் தொடக்கநிலை 3-இல் சேர்ந்தான்.

தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிற நாடு இது. அரசுப் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள், தேர்வும் வைக்கிறார்கள். ஆண்டுக்கு நாற்பதாயிரம் வெள்ளி கட்டிய பள்ளியில் மகளுக்குச் சீனம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். இந்தியப் பள்ளிகள் சிலவற்றில் தமிழ் இருக்கிறது. மேல் வகுப்பு வரை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐபி டிப்ளமாவில் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படித்து எழுத ஒரு வழி உண்டு, பல பெற்றோருக்கு அது தெரிவதில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் மகன் மின்தூக்கி, கட்டொழுங்கு என்று பேசுகிறான். கோயம்புத்தூரில் கல்லூரியில் இருக்கும் அக்கா தமிழில் செய்தி அனுப்பினால், அவளுடைய ழகர ளகரத்தைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறான்.

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் பிறகு வந்தால், மகன் பெற்றோர் வழியாக நிரந்தரவாசியானால் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, அவனுக்கும் உண்டு. முழுநேரமாக இரண்டு ஆண்டு. அதைச் செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே நிற்கும். அவனிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. அனைத்துலகப் பள்ளிகளில் ஒவ்வொரு ஜூனிலும் யாராவது ஊரைவிட்டுப் போவார்கள். மகளின் ஆறாம் வகுப்புப் படத்தில் இருபத்திரண்டு பேர். இரண்டு ஆண்டில் பதின்மூன்று பேர்தான் மிச்சம். பிரியாவிடை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவள் கோயம்புத்தூர் போனபோது அதையும் எடுத்துப் போயிருக்கிறாள் என்பது அலமாரியைத் துடைத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே இன்றிரவு நீங்களும் கணவரும் ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். இருவரும் மூன்று என்றால் மகனுக்கு சிபிஎஸ்இ, மகளுக்கும் அதே பள்ளி, ஒரே பஸ். இருவரும் எட்டு என்றால் மகனை ஏஇஐஎஸ் எழுத வையுங்கள், மகளையும் கூடவே. எண்கள் வேறு வேறாக இருந்தால் வீட்டுத் தரகருக்கு முன்பணம் எதையும் அனுப்ப வேண்டாம்.