பாப்பா கப்பலேறப் போகவில்லை, பயப்படாதீர்கள்

ஐயாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த மகள் 'கடல் வணிகமும் மனித உடல்நலமும்' பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று. அவள் கப்பலில் வேலைக்குப் போகக் கேட்கவில்லை. கப்பலில் சரக்கு போகும்போது நோயும் மருந்தும் உணவும் கூடவே எப்படிப் போயின, அவற்றால் மனிதர் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று தேடிப் பார்க்கக் கேட்கிறாள். 'கப்பல் கல்லூரி' என்று லட்சங்களைக் கேட்டு வரும் ஏஜென்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

கடலே இல்லாத சேலத்துக்காரிக்கு இது எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். ஆத்தூர்ப் பக்கம் காடு காடாக நிற்கும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தென் அமெரிக்காவில் பிறந்தது. போர்ச்சுக்கீசியர் கப்பல்கள் வழியாகத்தான் நம் மேற்குக் கரைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கிழக்கே இருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, அந்த இடத்தைப் பிடிக்கத்தான் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் இங்கே கிளம்பின. ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் நட்ட காப்பியும் கடல் கடந்து வந்த பயிர்தான். அரிசியும் ராகியும் இருந்த தட்டில் கிழங்கு வந்தால் உடம்புக்குச் சேரும் சத்தும் மாறும். எவ்வளவு மாறியது, யாருக்கு மாறியது? இந்த ஒரு கேள்வியே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

நோய்களின் பக்கம் இன்னும் பெரிது. 1896ல் பம்பாயில் பரவிய பிளேக் ஹாங்காங்கிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்பதுதான் பொதுவான கருத்து. துறைமுகத்தில் இறங்கியது அங்கேயே நிற்கவில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. அந்தப் பிளேக்குக்காக 1897ல் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020ல் கொரோனாவுக்கும் எடுத்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, சோதித்துப் பார்த்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். அதில் சேலம் ஜில்லாவிலிருந்து போனவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தின் பழைய கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் குறைவு.

இன்றைக்கும் வேலை இருக்கிறது. கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 2020 ஜனவரி முதல் 0.5 ஆகக் குறைத்தார்கள். துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்கு அதனால் என்ன லாபம், அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது என்று கணக்குப் போட ஆள் வேண்டும். கப்பல் சாயாமல் நிற்க ஒரு நாட்டில் அடியில் ஏற்றிக்கொள்ளும் கடல்நீரை (பேலஸ்ட் நீர்) வேறொரு நாட்டில் இறக்கும்போது கிருமிகளும் இறங்குகின்றன. அதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது.

சரி, சோறு போடுமா என்பதற்கு வருகிறேன். இந்தப் பெயரில் இளங்கலைப் படிப்பைத் தேடாதீர்கள். இது அவள் மனதில் இருக்கும் கேள்வி. கேள்விக்கு அடியில் ஒரு பட்டம் வேண்டும். அது எது என்பதுதான் இப்போது நாம் முடிவு செய்ய வேண்டியது.

என் யோசனை பொருளியல். வரலாறு மட்டமான படிப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆவணக் காப்பகத்தில் வருடக்கணக்காகக் காத்திருக்க வீட்டில் வசதி வேண்டும். உங்கள் கொலுசுப் பட்டறை வருமானம் எனக்குத் தெரியாததல்ல. புள்ளியியல் இன்னும் நல்லது, ஆனால் பாப்பா எடுத்த குரூப்பில் கணக்கு இல்லை. பொருளியல் படித்தால் ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, தனியார் நிறுவனம் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே சேரலாம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

எம்.ஏ. முடிக்கும் சமயத்தில் யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கல்யாணத்தை நினைத்துக் கவலைப்பட்டிருந்தீர்கள். அது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன். ஜேஆர்எஃப்புக்கான வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. சமூக அறிவியல் படித்தவர்களும் அங்கே ஆய்வு செய்கிறார்கள். பொது சுகாதார முதுகலை சில நிறுவனங்களில் மருத்துவம் சார்ந்த படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும்தான். விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாமல் தகுதி விதியைப் படியுங்கள். துறைமுக சுகாதார அதிகாரி வேலைக்கும் எம்பிபிஎஸ் வேண்டும், அந்த ஆசையை இப்போதே விட்டுவிடலாம்.

அப்புறம் ஆங்கிலம். இந்தத் துறையில் படிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தினமும் இரண்டு பக்கமாவது படிக்கச் சொல்லுங்கள். புரியாத வார்த்தைக்காக நின்றுவிட வேண்டாம்.

விடுமுறை முடிவதற்குள் அவளை ஒரு சேகோ ஆலைக்கு அழைத்துப் போங்கள். கிழங்கு எங்கிருந்து வருகிறது, ஜவ்வரிசி எங்கே போகிறது, வேலை செய்பவர்களுக்குக் கைகால், தோல், மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு நான்கு பக்கம் எழுதட்டும். முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், ஆராய்ச்சி என்றதும் சிலர் மிரண்டுவிடுவார்கள். இரண்டாம் பக்கத்திலேயே அவளுக்குச் சலித்துவிட்டால் நஷ்டமில்லை, பொருளியல் பட்டம் கையில் இருக்கும். நான்கு பக்கம் பத்தாகிவிட்டால் அந்தத் தாள்களோடு அவளை அழைத்து வாருங்கள். அவள் அம்மாவும் கூட வந்தால் நல்லது, கேள்விகள் அதிகம் அவரிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கல்லூரி விண்ணப்பம் திறந்ததும் பொருளியலை முதல் விருப்பமாகப் போட்டுவிடுங்கள்.