‘டு’ வந்தால் ‘இங்’ வராதா?
ஆங்கிலம்: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும்போது கடைசி வரியில் ‘வீ லுக் ஃபார்வர்டு டு ரிசீவ் யுவர் ஆர்டர்’ என்று எழுதுவேன். ‘ரிசீவிங்’ என்றுதான் வர வேண்டும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். ‘டு’வுக்குப் பிறகு வினைச்சொல்லை மொட்டையாகத்தான் போட வேண்டும் என்று எங்கள் காலத்து வாத்தியார் சொன்னார். யார் பேச்சைக் கேட்பது?
– கொலுசு மொத்த வியாபாரி, செவ்வாய்பேட்டை

மகள் பேச்சை. வாத்தியார் சொன்னதும் தப்பில்லை, அவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘டு’ என்று எழுதப்படுவது இரண்டு வேறு சொற்கள். ஒன்று, ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று வினையோடு ஒட்டிக்கொண்டு இன்ஃபினிட்டிவாக நிற்பது. மற்றது, ‘டு சேலம்’, ‘டு மை பிரதர்’ என்று பெயருக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன். பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வர வேண்டுமானால் அது பெயராக மாறித்தான் வர முடியும். அப்படிப் பெயராக மாறிய வடிவம்தான் ‘இங்’ போட்ட ஜெரண்ட், நம் இலக்கணத்தில் தொழிற்பெயர்.

எந்த ‘டு’ என்று கண்டுபிடிக்க, வினையை எடுத்துவிட்டு ‘யுவர் ஆர்டர்’ என்ற பெயரை மட்டும் வைத்துப் பாருங்கள். ‘வீ லுக் ஃபார்வர்டு டு யுவர் ஆர்டர்’ சரியாக உட்காருகிறது. எனவே இது பிரிபொசிஷன், ‘ரிசீவிங்’ போடுங்கள். ‘வீ வாண்ட் டு யுவர் ஆர்டர்’ என்று யாரும் சொல்வதில்லை. எனவே அங்கே ‘வீ வாண்ட் டு ரிசீவ்’. ‘அப்ஜெக்ட் டு’, ‘அக்கஸ்டம்டு டு’, ‘கமிட்டட் டு’, ‘இன் அடிஷன் டு’ எல்லாம் ‘லுக் ஃபார்வர்டு டு’ ஜாதிதான்.

தமிழை வைத்து இதைச் சரிபார்க்கலாமா என்றால், முக்கால்வாசி இடத்தில் பார்க்கலாம். ‘படிப்பதில் ஆர்வம்’ என்கிறோம். ‘படி’யோடு ‘இல்’ நேரே ஒட்டாது, நடுவே ‘பது’ போட்டுப் பெயராக்க வேண்டும். ‘இன்ட்ரஸ்டட் இன் ரீடிங்’ என்பதில் ‘இங்’ செய்யும் வேலையும் அதுவே. நம்மை ஏமாற்றுவது ‘-க்கு’ ஒன்றுதான். ‘கொலுசு வாங்குவதற்கு வந்தேன்’ என்றாலும் ‘வாங்க வந்தேன்’ என்றாலும் நமக்கு ஒன்றே. அந்தப் பழக்கத்தில் சிலர் ‘ஐ கேம் ஃபார் பையிங் ஆங்க்லெட்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். நோக்கம் சொல்லும் இடத்தில் ஆங்கிலம் கேட்பது ‘ஐ கேம் டு பை’. ‘உங்கள் ஆர்டரைப் பெற ஆவலாக இருக்கிறோம்’ என்பது தமிழில் நல்ல வாக்கியம். அதை அப்படியே நம்பி மொழிபெயர்த்தால் ‘டு ரிசீவ்’ என்ற பழைய பள்ளத்திலேயே விழுவோம். ‘டு’ விஷயத்தில் மட்டும் தமிழை விட்டுவிட்டு, பெயரை வைத்துப் பார்க்கும் சோதனையையே நம்புங்கள்.

மெயில் என்றதும் இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டும், இதில் பணமே போகலாம். ‘வீ யூஸ்டு டு மேக் ஆங்க்லெட்ஸ் இன் 92.5 சில்வர்’ என்று எழுதினால், ‘முன்பு செய்துகொண்டிருந்தோம், இப்போது செய்வதில்லை’ என்று பொருள். வாங்க வந்தவர் வேறு கடை பார்ப்பார். ‘வீ ஆர் யூஸ்டு டு மேக்கிங்’ என்றால் ‘செய்து பழக்கப்பட்டவர்கள்’. ‘திஸ் மெஷின் இஸ் யூஸ்டு டு மேக் செயின்ஸ்’ என்றால் ‘இந்த மெஷின் செயின் செய்யப் பயன்படுகிறது’. எழுத்து ஒன்று, பொருள் மூன்று. நீங்கள் சொல்ல நினைப்பது வெறும் ‘செய்கிறோம்’ என்றால் ‘வீ மேக்’ போதும். வியாபாரக் கடிதத்துக்கு அதைவிட நல்ல ஆங்கிலம் கிடையாது.

*

எங்கள் விடுதியில் குரங்குத் தொல்லை அதிகம். ‘கெஸ்ட்ஸ் ஆர் ப்ரொஹிபிட்டட் டு ஃபீட் மங்கீஸ்’ என்று போர்டு எழுதி வைத்தேன். படித்த விருந்தினர் ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். என்ன தப்பு?
– தங்கும் விடுதி நடத்துபவர், ஏற்காடு

‘ப்ரொஹிபிட்’ என்ற சொல் ‘டு’வோடு சேராது, ‘ஃப்ரம்’ போட்டு ‘இங்’ கேட்கும். ‘கெஸ்ட்ஸ் ஆர் ப்ரொஹிபிட்டட் ஃப்ரம் ஃபீடிங் மங்கீஸ்’ என்பது இலக்கணப்படி சரி. ‘ப்ரிவென்ட்’, ‘ஸ்டாப்’, ‘டிஸ்கரேஜ்’ ஆகியவையும் ‘ஃப்ரம்’ கூட்டம். அதே தடையைச் சொல்லும் ‘ஃபர்பிட்’ மட்டும் ‘ஃபர்பிடன் டு ஃபீட்’ என்று ‘டு’வோடு வரும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் பணம் கொடுத்துத் தங்க வந்தவரிடம் ‘உங்களுக்குத் தடை’ என்று சொல்வானேன்? ‘கெஸ்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட் நாட் டு ஃபீட் த மங்கீஸ்’ என்று எழுதலாம். ‘நாட்’ இருக்கும் இடத்தைக் கவனியுங்கள், ‘டு’வுக்கு முன்னால். ‘டோன்ட் டு ஃபீட்’ என்று எழுதாதீர்கள். இன்னும் சுருக்கமாக, ‘ஃபீடிங் மங்கீஸ் இஸ் ப்ரொஹிபிட்டட்’. குரங்குகள் பல என்பதால் ‘ஆர்’ போடக் கை துறுதுறுக்கும். எழுவாய் குரங்கு இல்லை, ‘ஃபீடிங்’ என்ற ஒற்றைச் செயல். ஆகவே ‘இஸ்’. ‘நோ பார்க்கிங்’ போர்டும் இப்படித்தான்: ‘நோ’வுக்குப் பின்னால் பெயர் வர வேண்டும், ‘பார்க்’ என்ற வினை ‘பார்க்கிங்’ என்று பெயராகி நிற்கிறது.

*

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். எந்த வினைக்குப் பின் ‘டு’, எதற்குப் பின் ‘இங்’ என்ற பட்டியல் எவ்வளவு படித்தாலும் மறந்துபோகிறது. ஏதாவது சூத்திரம் உண்டா?
– மாணவி, அஸ்தம்பட்டி

முழுச் சூத்திரம் இல்லை. அரைச் சூத்திரம் உண்டு. இனிமேல் நடக்கப்போவதைப் பார்க்கும் வினைகள் பெரும்பாலும் ‘டு’ எடுக்கும்: வாண்ட், ஹோப், டிசைட், பிளான், ப்ராமிஸ், அக்ரீ, ரெஃப்யூஸ், எக்ஸ்பெக்ட், ஆஃபர். நடந்துவிட்டதை, நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்பவை ‘இங்’ எடுக்கும்: என்ஜாய், ஃபினிஷ், அட்மிட், டினை, கீப், ப்ராக்டிஸ். இதற்கு அடங்காத முரடர்களும் உண்டு. ‘சஜஸ்ட்’, ‘கன்சிடர்’, ‘போஸ்ட்போன்’, ‘ரிஸ்க்’ எல்லாம் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டே ‘இங்’ எடுப்பவை. ‘அவாய்ட்’, ‘மைண்ட்’, ‘மிஸ்’ மூன்றையும் இவர்களோடு உட்கார வையுங்கள். ‘இங்’ பட்டியல்தான் சின்னது. அதை மட்டும் படித்துவிட்டு, சந்தேகம் வந்தால் ‘டு’ பக்கம் சாய்வது லாபம்.

‘டு’ போட்டால் ஒன்று, ‘இங்’ போட்டால் வேறு என்று பொருளே மாறிப்போகும் வினைகளுக்கு மேலே சொன்ன அரைச் சூத்திரம் பெரும்பாலும் வேலை செய்யும். ‘ஹீ ஸ்டாப்டு டு பை மேங்கோஸ்’ என்றால் போகிற வழியில் வண்டியை நிறுத்தினார், மல்கோவா வாங்குவதற்காக. ‘ஹீ ஸ்டாப்டு பையிங் மேங்கோஸ்’ என்றால் மாம்பழம் வாங்குவதையே விட்டுவிட்டார், டாக்டர் சர்க்கரை என்று சொல்லியிருப்பார். ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’: பூட்ட மறக்காதே, இன்னும் பூட்டவில்லை. ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’: பூட்டியது ஞாபகம் இருக்கிறது. ‘ரிக்ரெட் டு இன்ஃபார்ம்’ என்று கடிதம் வந்தால் கெட்ட சேதி இனிமேல்தான் வரப்போகிறது. ‘ரிக்ரெட் இன்ஃபார்மிங்’ என்றால் ஏன் சொன்னோம் என்று வருந்துகிறார். ‘ட்ரை டு லிஃப்ட்’ என்றால் தூக்க முயல்வது, கனமாக இருக்கலாம். ‘ட்ரை ரீஸ்டார்ட்டிங்’ என்றால் அப்படிச் செய்து பார், சரியாகிறதா தெரியட்டும்.

‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ ஆகியவை ‘டு’, ‘இங்’ இரண்டையும் எடுக்கும். ஆனால் ‘இட் இஸ் பிகினிங் ரெயினிங்’ என்று இரண்டு ‘இங்’கை அடுத்தடுத்து அடுக்கினால் காதில் இடிக்கும், ‘பிகினிங் டு ரெயின்’ என்று மாற்றுங்கள். எரர் ஸ்பாட்டிங் பகுதியில் ‘ஹீ சஜஸ்டட் மீ டு கோ’ கண்ணில் பட்டால் தயங்காமல் தப்பு என்று குறியுங்கள். ‘ஹீ சஜஸ்டட் கோயிங்’, அல்லது ‘ஹீ சஜஸ்டட் தட் ஐ கோ’.

*

‘ஹீ மேட் மீ டு வெயிட்’ சரியா?
– ஆத்தூர் வாசகர்

தப்பு. ‘மேக்’, ‘லெட்’ இரண்டும் ‘டு’வைத் தின்றுவிடும்: ‘மேட் மீ வெயிட்’, ‘லெட் மீ கோ’. ஆனால் செயப்பாட்டு வினையாக மாற்றினால் தின்ற ‘டு’ திரும்பி வரும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. ‘லெட்’டை இப்படித் திருப்பாதீர்கள், ‘ஐ வாஸ் அலவ்டு டு கோ’ என்று சொல்வதே வழக்கம். ‘ஹெல்ப்’ ‘டு’ வைத்தும் வைக்காமலும் இரண்டு பக்கமும் போகும்.

*

மலைச் சுற்றுலா பற்றிய கட்டுரையில் ‘கிளைம்பிங் த 20 ஹேர்பின் பெண்ட்ஸ், த லேக் கேம் இன்டு வியூ’ என்று மாணவன் எழுதியிருக்கிறான். தப்பு என்று சுழித்தேன். ‘பொருள் புரிகிறதே சார், என்ன தப்பு?’ என்கிறான். எப்படி விளக்குவது?
– ஆங்கில ஆசிரியர், சேலம்

‘20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரி தெரிந்தது’ என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவனே நெளிவான், ஏறியது ஏரியா என்று. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயையே முற்று வினையின் எழுவாயாகவும் கேட்கும். வாக்கியத்தின் தலையில் ‘கிளைம்பிங்’ என்று எச்சம்போல வரும் பார்ட்டிசிபிளும் அதையே கேட்கிறது. ‘கிளைம்பிங்’ செய்தது யாரோ, காற்புள்ளிக்கு அடுத்து அவர் வந்தாக வேண்டும்: ‘கிளைம்பிங் த பெண்ட்ஸ், வீ சா த லேக்’. இல்லையென்றால் பார்ட்டிசிபிளை உடைத்து ‘ஆஸ் வீ கிளைம்டு த பெண்ட்ஸ், த லேக் கேம் இன்டு வியூ’.

பாஸ்ட் பார்ட்டிசிபிளில் இந்தத் தவறு வந்தால் வேடிக்கையாகிவிடும். ‘ரோஸ்டட் டூ லாங், த பீன்ஸ் டேஸ்ட் பிட்டர்’: அதிகம் வறுபட்ட காப்பிக்கொட்டை கசக்கிறது, சரி. ‘ரோஸ்டட் டூ லாங், ஐ ஃபவுண்ட் த பீன்ஸ் பிட்டர்’ என்று எழுதினால் வாணலியில் வறுபட்டவர் எழுதியவரேதான்.

எழுவாய் வேறாக இருக்க ஆங்கிலம் இடம் தருவதும் உண்டு. ‘த ரெயின் ஹேவிங் ஸ்டாப்டு, வீ செட் அவுட்’. ‘ரெயின்’ என்ற தனி எழுவாய் அங்கேயே உடன் இருப்பதால் குழப்பம் இல்லை. நம் ‘மழை விட, நாங்கள் கிளம்பினோம்’ இதற்கு இணை. ‘செய’ என்னும் எச்சம் வேறு எழுவாயைத் தாங்கும். ‘ஞாயிறு பட்டு வந்தான்’ (சூரியன் மறைய, அவன் வந்தான்) என்று ‘பட’ வர வேண்டிய இடத்தில் ‘பட்டு’ வருவதை நம் இலக்கண உரைகள் தனியாக எடுத்து, ஏற்கத்தக்க விதிவிலக்கு என்று அமைதி சொல்கின்றன. ஆங்கிலத்திலும் ‘கன்சிடரிங்’, ‘ஜட்ஜிங் ஃப்ரம்’, ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’ போன்ற சிலவற்றுக்கு எழுவாய் கேட்பதில்லை. மாணவன் அதைச் சுட்டிக்காட்டி வாதாடினால் மதிப்பெண் கொடுங்கள்.

*

எங்கள் சேகோ ஆலையின் லோன் விண்ணப்பத்தில் ‘டிரையிங் யார்டு’ என்று ஆடிட்டர் எழுதியிருக்கிறார். காய்வது ஜவ்வரிசிதானே, களம் எங்கே காய்கிறது? ‘டிரைடு யார்டு’ என்று மாற்றச் சொல்லட்டுமா?
– சேகோ ஆலை உரிமையாளர், சேலம் மாவட்டம்

வேண்டாம். ‘டிரைடு யார்டு’ என்றால் மழையில் நனைந்து பிறகு காய்ந்த களம். கேள்வி நியாயமானதுதான், தமிழிலேயே பதிலும் இருக்கிறது. ‘படிக்கும் பையன்’, ‘படிக்கும் அறை’ என்ற இரண்டையும் பாருங்கள். பையன் படிப்பான், அறை படிக்காது. ‘டிரையிங் லீவ்ஸ்’ என்பதில் இலை காய்கிறது, இது பார்ட்டிசிபிள். ‘டிரையிங் யார்டு’ என்பதில் களம் காயவைப்பதற்கான இடம், இது ஜெரண்ட். ‘யார்டு ஃபார் டிரையிங்’ என்று ‘ஃபார்’ போட்டுப் பொருந்தினால் ஜெரண்ட் என்று முடிவு செய்யலாம். சொல்லும்போதும் வித்தியாசம் தெரியும்: ஜெரண்ட் என்றால் அழுத்தம் முதல் சொல்லில் விழும், பார்ட்டிசிபிள் என்றால் பின்னால் வரும் பெயரிலும் அழுத்தம் இருக்கும். ‘ஃப்ரையிங் பேன்’, ‘வாக்கிங் ஸ்டிக்’ எல்லாம் உங்கள் களத்தின் உறவினர்கள். காய்ந்த ஜவ்வரிசிக்கு ‘டிரைடு சேகோ’ என்று எழுதுங்கள். விண்ணப்பத்தில் அந்த ‘டிரைடு’ தேவைப்படும் இடம் அது ஒன்றுதான்.

*

‘ஐ ஆம் வெரி போரிங்’ என்றேன், நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– மேட்டூர் வாசகர்

‘நான் பெரிய அறுவை’ என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அதனால்தான். சலிப்பு உண்டாக்குவது ‘இங்’, சலிப்பு அடைவது ‘எட்’. படம் ‘போரிங்’, பார்த்தவர் ‘போர்டு’.