அந்த வெறும் சுவர் எதற்கு?

கேள்வி: எனக்கு 34 வயது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. என் மனைவி போலந்து நாட்டுக்காரர்; திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த டிசம்பர் 20 முதல் இரண்டு வாரம், கிராக்கோவ் நகரில் இருக்கும் அவருடைய பெற்றோர் வீட்டில் முதல் முறையாகக் கிறிஸ்துமஸைக் கழிக்கப் போகிறோம். நான் சுத்த சைவம். குளிர் தாங்குமா என்பது பயமாக இருக்கிறது. நள்ளிரவுப் பூசைக்கு அழைத்தால் போகலாமா என்றும் தெரியவில்லை. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவிடம், மனைவி மட்டும் ஊருக்குப் போவதாகவும் எனக்கு ஜெர்மனியில் அலுவலக வேலை என்றும் சொல்லியிருக்கிறேன். வேலை நெருக்கடியால் இந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போக முடியவில்லை. அக்காவும் அத்தானும் வந்திருந்ததால் அம்மா தனியாக இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் வெறும் சுவருக்கு முன் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அந்த இரண்டு வாரத்தையும் சங்கடமில்லாமல் கழிக்க வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: சாப்பாடு, குளிர், பூசை ஆகிய மூன்றையும் முதலில் முடித்துவிடுகிறேன். டிசம்பர் 24 மாலை, வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு போலந்துக் குடும்பங்கள் உட்காரும் ‘விகிலியா’ விருந்தில் மரபுப்படி இறைச்சி கிடையாது. ஆனால் மீன் உண்டு, ஏனென்றால் அவர்கள் கணக்கில் மீன் இறைச்சி ஆகாது. கெண்டை மீனும் ஹெர்ரிங் மீனும் மேஜைக்கு வந்தே தீரும். பன்னிரண்டு வகை வைப்பது வழக்கம் என்பதால் நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள். பீட்ரூட் சூப், கோஸும் காளானும் அடைத்து வேகவைத்த, பார்வைக்குச் சோமாசி போலிருக்கும் பியரோகி, கசகசா வைத்த பலகாரம், உலர்பழங்களைக் கொதிக்கவைத்த பானம் எல்லாம் இருக்கும். சூப்பில் மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 25ஆம் தேதியிலிருந்துதான் ஹாமும் தொத்திறைச்சியும் வரிசைகட்டி வரும். அதற்கு இப்போதே மாமியாரிடம் சொல்லி வையுங்கள். குளிருக்கு நல்ல உள்ளாடையும் வழுக்காத காலணியும் போதும், வீட்டுக்குள் கதகதப்பாகவே இருக்கும். பூசைக்குத் தாராளமாகப் போகலாம், பூசையில் குருவானவர் கொடுக்கும் புனித அப்பமான நற்கருணையை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பக்கத்தில் பாதியைக் குளிருக்கும் சோற்றுக்கும் ஒதுக்கிய நீங்கள், வெறும் சுவரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். மாமனார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிற மருமகன், பெற்ற தாயிடமிருந்து போன் வந்ததும் அந்த வீட்டின் மனிதர்களும் அலங்கரித்த மரமும் கண்ணில் படாத ஒரு மூலையைத் தேடி ஓடப் போகிறான், அதையும் புறப்படுவதற்கு முன்பே திட்டமிட்டு வைத்திருக்கிறான் என்பதை நீங்களே ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் உங்கள் மனைவி எங்கே இருப்பார்? தான் பிறந்து வளர்ந்த வீட்டில், குரல் கேட்டுவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு நிற்பார். அவருடைய பெற்றோர் கேட்டால் என்ன காரணம் சொல்வார்? இதை நீங்கள் யோசித்ததாகக் கடிதத்தில் ஓர் அறிகுறியும் இல்லை.

அம்மா தவறாக நினைப்பார் என்பது காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த ஊகத்துக்கு ஆதாரமும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். தீபாவளிக்கு வராத பிள்ளை மாமனார் வீட்டுப் பண்டிகைக்கு விமானம் ஏறுகிறான் என்றால் எந்தத் தாய்க்கும் மனம் வலிக்கும். உங்கள் அம்மாவுக்கும் வலிக்கும், வலிக்காது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த வலிக்குக் காரணம் கிராக்கோவ் அல்ல, ஐப்பசியில் நீங்கள் கும்பகோணத்துக்குப் போகாததுதான். அந்தக் குறையை அப்படியே வைத்துக்கொண்டு, அதை மூட ஜெர்மனியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

தீபாவளிக்கு உங்கள் அம்மாவைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டவர் யார்? உங்கள் அத்தான். அதாவது, தன் மாமியார் வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்த ஒரு மருமகன். அவர் தன் தாயிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டா வந்தார்? தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைத்து, மோதிரம் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து அனுப்புகிற ஊரில் பிறந்த பெண்மணிக்கு, மருமகன் பெண் வீட்டுக்குப் போவது புரியாதென்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அத்தான் வந்தால் முறை, நீங்கள் போனால் ஒளிவுமறைவு என்பது என்ன நியாயம், தம்பி?

விகிலியாவில் சாப்பாட்டுக்கு முன் ‘ஒப்வாட்டெக்’ என்ற மெல்லிய அப்பத்தை ஆளுக்கொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் மற்றவர் எதிரில் போய் நின்று, அவருடையதில் ஒரு துண்டை ஒடித்துத் தின்று வாழ்த்துவார்கள். வீட்டில் நடக்கும் இந்தச் சடங்கு நற்கருணை அல்ல, நீங்களும் தயங்காமல் செய்யலாம். உங்கள் மாமியார் உங்கள் எதிரில் வந்து நின்று, உங்கள் அம்மா உடல்நலத்துடன் இருக்க வேண்டும் என்று வாழ்த்துவார்; சம்பந்தியைப் பற்றி அவர் வேறென்ன சொல்வார்? அப்போது எங்கே பார்ப்பீர்கள்? எதிர்பாராமல் வரக்கூடிய விருந்தாளிக்கென்று ஒரு தட்டைக் காலியாக வைக்கிற வீடு அது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இருப்பதையே பெற்ற தாயிடம் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். டிசம்பர் 20க்கு முன் ஒரு சனி, ஞாயிறு இருவருமாகக் கும்பகோணம் போங்கள். ஜெர்மனி பொய் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். மனைவியைச் சொல்லவிடாதீர்கள், அக்காவைத் தூது அனுப்பாதீர்கள். அம்மா கோபித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு நாள் பேசாமலிருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு சம்பந்தி வீட்டுக்கு அவர் கையால் ஏதாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோயில் பித்தளை விளக்கில் சிறியதாக ஒன்று போதும். பால் இனிப்பும் நெய்ப் பலகாரமும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் பால் பொருள்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. 24ஆம் தேதி அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விருந்து தொடங்கும்போது கும்பகோணத்தில் இரவு எட்டரை மணியை ஒட்டியிருக்கும், அம்மா விழித்துத்தான் இருப்பார். 2025 முதல் அந்த நாள் போலந்தில் அரசு விடுமுறை, ஆகவே வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். நீங்களே கூப்பிட்டு, சம்பந்திகள் இருவரையும் முகம் பார்த்துப் பேசவையுங்கள். மொழிபெயர்க்கும் வேலை உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும்.

இன்னொன்று, இதில் பேரம் கிடையாது. வருகிற பொங்கலுக்கு நீங்கள் இருவரும் கும்பகோணத்தில் இருக்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, பொங்கல் நாள்களுக்கு இடம் உடனே தீர்ந்தும் போகும். கிடைக்காவிட்டால் பேருந்தில் போங்கள்.