பள்ளி இல்லாத தீவில் இரண்டு வருடம்: மகளின் படிப்பு என்னாகும்?

கேள்வி: கணவருக்கு ஒரு சிறிய தீவில் இரண்டு வருட வேலை. மகளுக்கு ஒன்பது வயது. அங்கே பள்ளி இல்லை. படகு வாரம் ஒருமுறைதான். இணையம் வரும், போகும். நானே பாடம் நடத்தினால், திரும்பி வரும்போது பின்தங்கிவிடுவாளா?

பதில்: படிப்பைப் பற்றி நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். ஒரே ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க, இந்த வயதில் காலை இரண்டு, இரண்டரை மணி நேரம் தாராளம். தொலைதூரத்தில் வாழும் பிள்ளைகளுக்காக நியூசிலாந்து அரசு 1922-லேயே தபால்வழிப் பள்ளி தொடங்கியது. இணையம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். தீவு எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டு விதிதான் செல்லும். இங்கிலாந்தில் வீட்டுக்கல்வி பெற்றோரின் உரிமை. பிரான்ஸில் 2022 முதல் முன் அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் ஏறக்குறைய முழுத் தடை. கூடவே, திரும்பி வந்தால் எந்த வகுப்பில், எதை வைத்துச் சேர்த்துக்கொள்வீர்கள் என்று இப்போதைய பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அவள் எழுதுவதையெல்லாம் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

நேரலை வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இணைப்பு அறுந்து அறுந்து வரும் வகுப்பு பிள்ளைக்கு எரிச்சலைத்தான் கற்றுக்கொடுக்கும். கணக்குக்கும் மொழிக்கும் இரண்டு வருடத்துக்கான அச்சுப் புத்தகங்கள் போதும். புறப்படும் முன்பே, இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் விக்கிப்பீடியாவை இறக்கிக்கொள்ளுங்கள். படங்களோடு முழு ஆங்கிலப் பதிப்பு சுமார் 100 ஜிபி வரும். இணையமின்றி இயங்கும் பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் கோலிப்ரி என்ற மென்பொருள் இருக்கிறது. இரண்டையும் ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுங்கள், உப்புக்காற்று மின்சாதனங்களைச் சும்மா விடாது.

அறிவியலுக்குத் தனிப் புத்தகமே வேண்டாம் என்பேன். அலை அதிகம் அடிக்காத இடமாகப் பார்த்து, அளவு குறித்த கம்பு ஒன்றை நடுங்கள். நீர் உச்சத்துக்கு ஏறும் நேரத்தையும், ஏறி இறங்கும் அளவையும் தினமும் அவளே குறிக்கட்டும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை ஏறும். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஏன் தள்ளிப்போகிறது என்று அவள் கேட்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கடலை ஏற்றுவது பெரும்பாலும் நிலாவின் ஈர்ப்பு. பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதை எட்டிப் பிடிக்கத்தான் அந்த 50 நிமிடம். ஒரு மாதக் குறிப்பை வரைபடமாகப் போட்டால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் அதிகமாவது தானே தெரியும். வானியல், நேரக் கணக்கு, வரைபடம் மூன்றும் ஒரே கம்பில் வந்துவிடுகின்றன.

தீவில் கிணறு இருந்தால் இன்னும் நல்லது. சுற்றிலும் கடல், நடுவில் எப்படி நல்ல தண்ணீர்? மழைநீர் உப்புநீரைவிட லேசானது, அதனால் நிலத்தடியில் அதன்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. கணக்குப் போட்டால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். பத்து, பதினோரு வயதில் விகிதம் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கவலை தருவது தோழமைதான். தாயும் மகளும் ஆசிரியரும் மாணவியுமாக நாள் முழுக்க ஒரே வீட்டில் இருந்தால் உரசல் வரும். பாடம் முடிந்ததும் ஆசிரியர் வேடத்தைக் கழற்றிவிடுங்கள். ஒரு பாடத்தையாவது அப்பா எடுக்கட்டும். தீவில் வேறு பிள்ளைகள் இருந்தால், எந்த வயதானாலும் சரி, மாலை நேரம் அவர்களுக்கு. ஒருவருமே இல்லையென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சில வாரம் கரைக்கு வந்து மற்ற பிள்ளைகளோடு இருக்க வழி செய்யுங்கள். இதற்கு வழியில்லாத இடமென்றால், இரண்டு வருடமும் அவளை அங்கேயே வைத்திருக்கச் சொல்ல மாட்டேன்.